சிறுவர் கையிற் கொடுத்த விளக்கு

யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் சிறுவர்க்குச் சொல்லப்பட்டுவந்த பாடங்களுள் விளக்கின் உவமையும் ஒன்று. விளக்கை ஏற்றியவர் அதனை மரக்காலால் மூடிவைப்பதில்லை, வீட்டிலுள்ள யாவர்க்கும் வெளிச்சம் தரும்படி தண்டின்மேல் வைப்பர் என்பது மலைப்பிரசங்கத்தில் யேசுநாதர் சொன்ன உவமை. மரக்கால் தமிழகத்தார் கையாண்ட அளவை. கொத்தும் பறையும் கொண்டு நெல்லளந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு உபாத்தியாயர் அச்சொல்லின் பொருளை முதலில் எடுத்துச் சொல்லவேண்டியிருந்திருக்கும். விளக்குக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. அந்திப்பொழுதில் எண்ணெய் வார்த்துத் திரியிட்டு ஏற்றும் விளக்கு எல்லா வீட்டிலும் இருந்தது. கைகால் கழுவித் தூய்மையோடு அதனை ஏற்றவேண்டும் என்பதும் அப்பிள்ளை தாயிடம் கற்ற பாடமே.

பெற்ற ஒளியைப் பிறர்க்குக் கொடு என்று சிறுவர்க்குப் போதிப்பது எளிது. அச்சிறுவர் அதனை எவ்வழியே கொண்டு சென்றனர், எவர்க்குக் கொடுத்தனர், கொடுத்தபோது என்ன விளைந்தது என்பனவே கவனிக்கத்தக்கவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அமெரிக்க மிஷனார் நடத்திய பாடசாலைகளின் வரலாறு இக்கேள்விகளுக்கு விடை தருகின்றது. அவ்விடை மிஷனார் எதிர்பார்த்த விடையாக எப்போதும் அமையவில்லை.

அவர்களுக்கு முன்னே ஒல்லாந்தர் இம்முயற்சியைச் செய்து பார்த்தனர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கோயிற்பற்றுத்தோறும் தேவாலயத்தோடு பாடசாலையையும் நடத்தினர். பிலிப்பு பால்தேயு பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் அத்தேவாலயங்களின் விவரங்களைக் காணலாம். பிள்ளைகள் பாடசாலைக்கு வராவிடின் பெற்றோர் குற்றப்பணம் செலுத்த வேண்டும். ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிபவர் பாடசாலை உபாத்தியாயரே. ஆகவே செபங்களை மனனஞ் செய்வது உத்தியோகத்துக்கும் உரிமைக்கும் வழியாயிற்று. தேவாலயத்தில் ஒப்புவித்துவிட்டு வீட்டுக்கு வந்து திருநீறு பூசிக்கொண்ட தலைமுறைகள் பல. 1796இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்து கட்டாயம் நெகிழ்ந்ததும் அப்பாடசாலைகள் நிலைகுலைந்தன. இருபது ஆண்டு கழித்து அமெரிக்கர் வந்தபோது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்கள் கண்டவை கூரையற்று நின்ற தேவாலயச் சுவர்களே. தண்டத்துக்கு அஞ்சி ஏற்றிய விளக்கு எத்துணைக் காலம் எரியும்?

1815 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூபரிப்போட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட மிஷனார், 1816 மார்ச்சு மாதத்திற் கொழும்பை அடைந்தனர். தேசாதிபதி பிரவுண்றிக் அவர்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப இசைந்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் டானியேல் பூவரும் எட்வேட் வாறனும் தெல்லிப்பழையிலே தங்கினர். பெஞ்சமின் மெய்க்சும் ஜேம்ஸ் ரிச்சாட்சும் வட்டுக்கோட்டையை ஏற்றனர். வாறன், ரிச்சாட்ஸ் என்னும் இருவரும் நோயால் சில ஆண்டுகளுள் இறந்தனர். எஞ்சினோர் தமிழ் கற்றுக்கொண்டு, கிராமங்களில் ஓலைக் கொட்டில்களிற் பாடசாலைகளைத் தொடங்கினர்.

இக்கிராமப் பாடசாலைகளின் அமைப்பு வியப்புக்குரியது. கிறிஸ்தவ உபாத்தியாயர் அக்காலத்தில் இல்லாமையால் ஊரிலிருந்த சைவ உபாத்தியாயரையே மிஷனார் சம்பளம் கொடுத்து அமர்த்தினர். நெற்றியில் நீறணிந்தவர் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுக்க, காதிற் கடுக்கனிட்ட பிள்ளைகள் அவற்றை உரத்த குரலில் ஓதினர். அதே வாய் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் ஓதியது. அச்சுப் புத்தகம் அருமையாயிருந்த அந்நாளில் வேதபாடங்கள் பனையோலையில் எழுதப்பட்டுப் பாடசாலைகளுக்குக் கொடுக்கப்பட்டன. மணலில் விரலால் அரிவரி எழுதிப் பழகிய பிள்ளை, பின்னர் அந்த ஓலையை வாசித்தது. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் உபாத்தியாயர் தம் மாணாக்கரை வரிசையாகத் தேவாலயத்துக்கு அழைத்துச் செல்லவேண்டும். அது அவருடைய கடமைகளுள் ஒன்று. அங்கே அந்தக் கிழமை படித்தது விசாரிக்கப்படும். வினாவும் விடையுமாக அமைந்த ஞானோபதேசமே முக்கிய பாடம்.

பெரியோரிடத்தில் நேரே பேசிப் பயன் காண்பது அரிது என்பதை மிஷனார் விரைவில் உணர்ந்தனர். தெருவில் நின்று பிரசங்கித்தால் ஊரார் பொறுமையாகக் கேட்டபின் தருக்கம் புரிவர். சைவசித்தாந்தம் அறிந்த நாட்டில் தருக்கத்துக்குப் பஞ்சமில்லை. பிள்ளையோ ஓலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளே செல்லக்கூடியது. பாதிரியார் மிதிக்கமுடியாத திண்ணைக்கு அப்பால், அடுப்படிவரை செல்லக்கூடியது. எழுத்தறியாத தாய், மகன் வாசிக்கின்றானே என்னும் பெருமையிற் கேட்டிருப்பாள். அவன் வாசித்தது எந்தச் சமயத்து நூல் என்பதை அவள் முதலில் எண்ணியிருக்கமாட்டாள். ஒளியைப் பிறர்க்குக் கொண்டுசெல் என்ற போதனைக்கு யாழ்ப்பாணத்தில் ஏற்பட்ட முதற்பொருள் இதுவே: படித்ததை வீட்டில் வாசித்துக் காட்டு என்பது.

பிள்ளைகள்மேல் மிஷனார் வைத்த நம்பிக்கைக்கு அரசாங்கமும் காரணமாயிற்று. 1820இல் அச்சுத்தொழில் அறிந்த காறெற் என்பவர் அமெரிக்காவிலிருந்து வந்தபோது, அக்காலத்து ஆட்சித் தலைவராகிய எட்வேட் பார்ன்ஸ் அவரைத் தங்கவிடாது திருப்பியனுப்பினார். புதிய அமெரிக்க மிஷனார் எவரும் வரலாகாது என்ற தடை பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. வெளியிலிருந்து ஆள்வரவு நின்றால் உள்ளூரிலேயே ஆளை உருவாக்குதல் வேண்டும். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் நிறுவிய பெண்கள் விடுதிப் பாடசாலையும் இந்த நெருக்கடிக்கு இடையிலேதான் எழுந்தன. செமினரியிற் கணிதமும் வானசாத்திரமும் தமிழிலக்கணமும் ஆங்கிலமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில் உடுவிலிற் பெண்பிள்ளைகளைச் சேர்ப்பது செமினரியிலும் கடினமான வேலை. மிஷன் வளவிற் சமைத்ததை உண்டால் ஆசாரம் கெடும் என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சம் தெளிய ஆண்டுகள் பல சென்றன.

விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது? இக்கேள்வி நம்மைக் கடலுக்கு அப்பால் வேறு சில சிறுவரிடம் அழைத்துச் செல்கின்றது. இங்கிலாந்தின் குளொஸ்ரர் நகரில் 1780ஆம் ஆண்டளவில் றொபேட் றெயிக்ஸ் பரப்பத் தொடங்கிய ஞாயிற்றுப் பாடசாலை முறை, அமெரிக்காவிலே விரைந்து வேரூன்றியது. அங்குள்ள சபையாரும் சங்கங்களும் ஒரு தொகை அனுப்பி யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றைப் பராமரித்தனர். அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரையும் சூட்டினர். யாழ்ப்பாணத்து முதற் பத்திரிகையின் ஆசிரியர்கள் ஹென்றி மாட்டின், சேத் பேய்சன் என்று பெயர் பெற்றிருந்த காரணம் இதுவே. இருவரும் தமிழர். மானிப்பாயைச் சேர்ந்த சதாசிவம்பிள்ளை ஜே. ஆர். ஆர்னல்ட் ஆனதும், சங்குவேலிச் சிதம்பரப்பிள்ளை உவில்லியம் நெவின்ஸ் ஆனதும் இவ்வழக்கின் பயனே. அன்பினால் நேர்ந்ததாயினும் பெயரை மாற்றுவது சிறிய காரியமன்று. தந்தை சூட்டிய பெயரை விட்டுக் கண்டறியாத ஒருவரின் பெயரைச் சுமந்த பிள்ளையின் மனநிலையை எந்த அறிக்கையும் எழுதிவைக்கவில்லை. சதாசிவம்பிள்ளையோ பிற்காலத்தில் ஆர்னல்டையும் விடவில்லை, சதாசிவத்தையும் விடவில்லை. 1886இல் வெளியான அவருடைய 'பாவலர் சரித்திர தீபகம்' தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்த நூல்களுள் முன்னோடியானது. அதன் பெயரிலும் ஒரு தீபம் இருக்கின்றது.

அமெரிக்கச் சிறுவர்க்கு யாழ்ப்பாணத்தை அறிமுகப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் வைத்தியராகிய ஜோன் ஸ்கடர். நியூயோர்க்கில் நோயாளி ஒருவர் வீட்டிற் கண்ட சிறு பிரசுரமே அவரைக் கடல்கடக்கச் செய்தது. 1820 முதற் பண்டத்தரிப்பில் வைத்தியமும் போதனையும் செய்த அவர், தாய்நாட்டுச் சிறுவர்க்குக் கடிதங்கள் எழுதினார். அவை நூல்களாகவும் வெளிவந்தன. 1842 முதல் 1846 வரை அமெரிக்காவிற் சுற்றுப்பயணம் செய்தபோது அவர் சிறுவர் கூட்டங்களிலேயே பெரிதும் பேசினார். ஓரிலட்சம் பிள்ளைகள் அவர் பேச்சைக் கேட்டனர் என்பது அக்காலத்தோர் மதிப்பு. அவருடைய புதல்வர் எழுவரும் இந்திய நாட்டில் மிஷன் பணி செய்தனர். அவருள் ஒருவரான இரண்டாம் ஜோன் ஸ்கடர் சாவகச்சேரியிற் பிறந்தவர். வேலூர் வைத்தியசாலையை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய மகள்.

ஸ்கடரின் தொண்டை மதிப்பவரும் அவர் கடிதங்களின் ஒரு குறையை ஒப்புக்கொள்வர். ஈகையைத் தூண்டும் ஆர்வத்தில் அவர் இந்நாட்டைப் பேரிருள் சூழ்ந்த நாடாகவே அச்சிறுவர்க்குக் காட்டினார். பொஸ்ரனிலோ நியூயோர்க்கிலோ உண்டியலிற் காசிட்ட குழந்தை, தேவாரம் ஓதும் வீடுகளும் நிகண்டு படித்த புலவரும் யாழ்ப்பாணத்தில் உண்டு என்பதை அறிய வழியில்லை. ஒளியைக் கொடுப்பவன் வாங்குபவன் வீட்டில் விளக்கே இல்லை என்று எண்ணுவானாயின் அங்கே மனத்தாங்கல் பிறப்பது இயல்பு. யாழ்ப்பாணத்தில் அது பிறக்கவே செய்தது.

அதை உணர்ந்தவருள் தலையாயவர் நல்லூர் ஆறுமுகநாவலர். அவர் வெசுலியன் மிஷனாரின் பாடசாலையிற் படித்து, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தவர். சிறுவரைக்கொண்டு வீட்டைச் சேரும் முறையின் வலிமையை உள்ளிருந்தே கண்டவர். 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். ஞாயிற்றுப் பிரசங்கத்துக்கு ஒப்பாக அது வெள்ளிதோறும் நிகழ்ந்தது. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிரகாசம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பின்பு வந்த அவருடைய பாலபாடங்களும் 'சைவ வினாவிடை'யும் சிறுவர் கைக்கு ஏற்றவாறு தெளிந்த உரைநடையில் அமைந்தன. வினாவிடை முறையும், படிமுறையான வாசக நூலும், அச்சுக்கூடமும் எதிரணியிற் பழகிய கருவிகளே. மிஷனார் இதனைத் தம் பணிக்கு நேர்ந்த தடையாகக் கருதினர். எழுதப்படிக்கத் தெரிந்த பிள்ளைகளின் தொகை இருதரப்புப் போட்டியினால் வளர்ந்தது என்பதே காலங்கடந்து பார்ப்போர்க்குத் தோன்றும்.

மேலே கண்ட நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் வாழ்வு இதற்கு நல்ல சான்று. செமினரியிற் கற்றுத் தருக்கசாத்திரத்தைத் தமிழில் 'நியாய இலக்கணம்' என்ற நூலாக எழுதிய அவர், முதுமையில் 1887இல் யாழ்ப்பாண நகரிற் சுதேசிகள் உயர்நிலைப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதனைச் சைவபரிபாலன சபையார் ஏற்றனர்; அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஆயிற்று. அமெரிக்க நன்கொடையாளர் நினைத்து அனுப்பிய காசு இவ்விடத்தில் வந்து சேரும் என்று எவரும் கணக்கிட்டிருக்க முடியாது.

மிஷனாரையும் சைவரையும் ஒருங்கே சோதித்த கேள்வி ஒன்று உண்டு. ஒளி யாவர்க்கும் உரியதாயின், பக்கத்து வாங்கில் யார் இருக்கலாம்? 1847இல் வெசுலியன் பாடசாலையில் தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் ஒருவனைச் சேர்த்தபோது உயர்குலத்து மாணவர் பலர் வெளியேறினர். தேவாலயத்திற் பத்துக் கட்டளைகளை ஒப்புவித்த பிள்ளைகளும் சாதிக் கட்டளையை மறந்தாரல்லர். சைவப் பாடசாலைகளும் இவ்விடயத்திற் கதவை அகலத் திறக்கவில்லை. அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற ஏற்பாடு 1930ஆம் ஆண்டையொட்டி நடைமுறைக்கு வந்தபோது, குடாநாட்டிற் பாடசாலைக் கொட்டில்கள் சில இரவோடிரவாகத் தீக்கிரையாயின. விளக்கின் உவமையை நூறாண்டுக்கு மேலாகக் கேட்டுவந்த நாட்டில் நடந்த செய்தி இது.

உடுவிற் பாடசாலையை நோக்கினால் வேறொரு காட்சி தெரிகின்றது. எலைசா அக்னியூ என்னும் அம்மையார் நியூயோர்க்கிலே எட்டு வயதுச் சிறுமியாயிருந்தபோது, பூமிசாத்திர பாடத்தில் ஆசிரியை உலகப்படத்திற் கிறிஸ்து சமயம் பரவாத நாடுகளைச் சுட்டிக்காட்டினார். வளர்ந்ததும் அங்கே போவேன் என்று அச்சிறுமி அன்றே தீர்மானித்தாள். பெற்றோரை விட்டுப் பிரிய மனமின்றி, அவர்கள் காலமான பின்னரே கப்பலேறினார். 1840இல் யாழ்ப்பாணம் வந்து, 1879 வரை உடுவிலிற் கற்பித்தார். தாயை, மகளை, மகளின் மகளைக் கற்பித்த குடும்பங்கள் உண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவியர் அவரிடம் பயின்றமையால் ஆயிரம் புதல்வியரின் தாய் என அழைக்கப்பட்டார். நாற்பத்துமூன்று ஆண்டுக் காலத்தில் ஒரு முறையேனும் தாய்நாடு திரும்பாமல், 1883இல் மானிப்பாயில் உயிர்துறந்தார். ஒரு வகுப்பறையில் ஒரு படத்தின்மேல் ஆசிரியை வைத்த கோல் எத்துணைத் தூரம் சென்றது என்று எண்ணும்போது ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு ஓரளவு அச்சமும் உண்டாகும்.

வாங்கியவர் கொடுப்பவராகும் காலமும் வந்தது. 1847இல் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் சுதேச சுவிசேஷ சங்கத்தை நிறுவி, நெடுந்தீவு முதலிய தீவுகளில் உபாத்தியாயரையும் போதகரையும் தம் செலவில் வைக்கலாயினர். அமெரிக்கப் பணம் இதற்கு வேண்டியிருக்கவில்லை. வீட்டுப் பெண்கள் அன்றாடம் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் திரும்ப எடுத்துக் கடவுளுக்கென்று வேறு பாத்திரத்தில் இட்டனர். பிடியரிசி என்னும் இவ்வழக்கம் தமிழ்நாட்டிலும் வேறு பல அறங்களுக்குக் கைக்கொள்ளப்பட்டதே. வளவிலுள்ள மரம் ஒன்றைக் கடவுளுக்கென்று குறித்து, அதன் காய்விலையைச் சபைக்குக் கொடுத்தவரும் இருந்தனர். உண்டியலிற் காசு போடச் சொன்னால் பிள்ளை தகப்பனைக் கேட்கவேண்டும். பிடியரிசிக்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை. தாயின் கை அரிசிப் பானைக்குச் செல்லும்போது நாள்தோறும் கண்ணாற் கண்டே கற்றுக்கொள்ளலாம். தேவாலயத்து வாங்கிற் சொல்லப்பட்ட உவமை அடுப்படியிலே பொருள்பெற்றது.

இவ்விடத்தில் ஒரு பெயர் ஒற்றுமையையும் குறிப்பிடலாம். 1841 சனவரி 7ஆம் நாள் 'உதயதாரகை' என்னும் பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலுமாக யாழ்ப்பாணத்திற் பிறந்தது. செமினரியிற் படித்தவரே எழுத, மானிப்பாய் அச்சுக்கூடத்தில் அச்சேறிய அது, சமயத்தோடு கல்வி, விஞ்ஞானம், நாட்டுச் செய்தி ஆகியவற்றையும் தாங்கி வந்தது. பதினைந்து ஆண்டு கழித்து 1856இல், அமெரிக்க ஞாயிற்றுப் பாடசாலைச் சிறுவர் தலைக்குப் பத்துச் சதமாகப் பங்குப்பணம் சேர்த்துப் பசுபிக் தீவுகளில் மிஷன் வேலைக்கென்று ஒரு கப்பலைக் கட்டுவித்தனர். அக்கப்பலுக்கும் அதே பெயர்தான்: விடிவெள்ளி. ஒன்று தாளிலும் மற்றொன்று கடலிலும் சென்றன.

1855இற் செமினரி மூடப்பட்டது. கிராமத்தார்க்குத் தாய்மொழியிற் போதிப்பதே மிஷனின் வேலை, ஆங்கில உயர்கல்வியன்று என்று அமெரிக்கத் தலைமை கருதியமையே காரணம். யாழ்ப்பாணத்தார் அதை ஏற்கவில்லை. பழைய மாணவரும் சபையாரும் பணம் திரட்டி முயன்றதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையிலேயே மீண்டும் தொடங்கியது. விளக்குத்தண்டை எடுத்துச் சென்றவர் வேறொருவர் ஆயினும், எண்ணெய் உள்ளூரில் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மிஷன் பாடசாலைகளின் மாணவர் தமக்கென்று ஓர் அந்நியநாட்டு மிஷன் சங்கத்தை நடத்தினர். அவர்கள் தெரிந்துகொண்ட அந்நியநாடு பாக்கு நீரிணைக்கு அக்கரையில் உள்ள தொண்டி. இராமநாதபுரக் கரையிலுள்ள அச்சிறு துறைமுகத்துக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் காசு சென்றது. யாழ்ப்பாணத்து ஊழியரும் சென்றனர். நூறாண்டுக்கு முன் பொஸ்ரனிலிருந்து பார்த்தவர்க்கு யாழ்ப்பாணம் எப்படித் தோன்றியதோ, அப்படியே வட்டுக்கோட்டையிலிருந்து பார்த்தவர்க்குத் தொண்டி தோன்றிற்று. ஒரு வேறுபாடு மாத்திரம் இருந்தது. தொண்டிப் பிள்ளைக்கு மரக்கால் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.